ஊமைப்படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லலாமா? ஜப்பானியப் பென்ஷிகளைப் பற்றி ஒரு கேள்வி

வியாசை வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பழைய படங்களைத் திரையிட்டு வருகிறோம். அடுத்த மாதத்துக்கு மிசோகுச்சி கென்ஜி 1933இல் எடுத்த 'தாக்கி நோ ஷிராயிதோ' என்னும் ஊமைப்படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இசுமி கியோக்கா என்னும் எழுத்தாளரின் கதையை ஒட்டியது அது. நீரை வைத்து வித்தை காட்டி ஊர் ஊராகப் பிழைக்கும் மேடைக்காரி ஒருத்தி, ஒரு குதிரைவண்டிக்காரனைத் தன் சம்பாத்தியத்தில் சட்டம் படிக்க வைக்கிறாள். காலம் திரும்பி, அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நாளில் அரசுத் தரப்பில் வழக்காட அவனே வந்து நிற்கிறான். முடிவை இங்கே எழுத மாட்டேன்.

சென்ற ஆண்டு நாங்கள் போட்ட ஊமைப்படத்தில், இடையிடையே வந்த ஆங்கில எழுத்துகளை நானே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கால்மணி நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் கீழே இறங்கிக் கேரம் ஆடப் போய்விட்டார்கள். இந்த முறை, எங்கள் பகுதித் திரௌபதியம்மன் திருவிழாவில் கட்டியங்காரன் வேடம் கட்டும் கூத்துக்கலைஞர் ஒருவரைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கதை சொல்ல வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்காலத்து ஜப்பானில் பென்ஷி என்ற பெயரில் இப்படிக் கதை சொல்பவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் குழுவிலேயே ஒருவர், ஊமைப்படத்தை ஊமையாகப் பார்ப்பதே அதை எடுத்தவருக்குச் செய்யும் மரியாதை என்றும், குரல் சேர்ந்தால் அது மிசோகுச்சியின் படமாக இராது என்றும் சொல்கிறார்.

பென்ஷி என்பவர் எழுத்துகளை வாசித்தவரா, பாத்திரங்களுக்காகப் பேசியவரா, அல்லது உரையாசிரியரைப் போல விளக்கம் சொன்னவரா? அக்காலத்து எழுத்தாளர்களும் இயக்குநர்களும் அவரை ஏற்றார்களா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய ரீல் எழுதியது:

நீங்கள் கேட்ட மூன்று வேலைகளையும் பென்ஷி செய்தார். எல்லாவற்றையும் ஒரே காலத்தில் செய்யவில்லை.

1890களின் பிற்பகுதியில் வெளிநாட்டுத் துண்டுப் படங்கள் ஜப்பானில் வந்து இறங்கியபோது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. அதற்காகக் காசு கொடுத்து வந்தவர்களை உடனே எழுப்பி அனுப்ப முடியாது என்பதால், படத்துக்கு முன்னால் ஒருவர் நின்று, இந்தக் கருவி எப்படி இயங்குகிறது, இது எந்த நாடு, அந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்றெல்லாம் நீட்டி முழக்குவார். பல வேளைகளில் படத்தைவிட முன்னுரையே நீளம். படங்கள் நீண்ட பிறகு பேச்சு படத்துக்குள்ளே புகுந்தது. உள்நாட்டுப் படங்களுக்கு 'கோவாயிரோ' என்னும் முறையில் சிலர் திரையருகே கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகக் குரல் மாற்றிப் பேசினார்கள். பிறகு ஒரே ஆள் கிழவனுக்கும் குமரிக்கும் குழந்தைக்கும் பேசி, இடையில் கதையையும் சொல்லி, வேண்டிய இடத்தில் தன் கருத்தையும் செருகுவது வழக்கமாயிற்று. திரைக்கு இடப்பக்கம் ஒரு சிறு மேசை, வெளிச்சம் திரையில் விழாதபடி மறைத்த விளக்கு, குறிப்புத் தாள்; கீழே ஷாமிசென் முதலிய நாட்டு வாத்தியங்களோடு பியானோவும் வயலினும் கலந்த பக்கவாத்தியம். சுவரொட்டியில் நடிகரின் பெயரைவிடப் பென்ஷியின் பெயர் பெரிதாக இருந்ததும் உண்டு. இன்ன படம் என்று பாராமல் இன்னார் பேசுகிறார் என்று கேட்டு அரங்குக்குப் போனவர்கள் ஏராளம்.

ஊமைப்பட காலத்தில் கதைசொல்லிகள் வேறு நாடுகளிலும் இருந்தார்கள். படத்தின் இடையே எழுத்தாக வரும் இடைத்தலைப்பு வந்ததும் பெரும்பாலான இடங்களில் அவர்கள் மறைந்துபோக, ஜப்பானில் 1930களின் நடுப்பகுதி வரை நிலைத்து நின்றதற்குக் காரணம் சினிமாவுக்கு முன்பே அங்கே இருந்தது. பொம்மலாட்டமான புன்ராக்குவில் பொம்மையை ஆட்டுபவர் பேசமாட்டார். மேடைக்கு ஒரு பக்கமாக, ஷாமிசென் வாசிப்பவரோடு அமர்ந்திருக்கும் தாயூ என்பவரே எல்லாப் பொம்மைகளுக்கும் அழுது, சிரித்து, பாடுவார். உருவம் ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் இருப்பது அந்த மக்களுக்குப் புதுமை இல்லை. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் இராமனுக்கும் சூர்ப்பனகைக்கும் உச்சிக்குடும்பனுக்கும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கும் அது புதுமையாக இருக்க வாய்ப்பில்லை.

சினிமாவே அங்கே மேடையின் நிழலாகத்தான் நுழைந்தது. ஒன்பதாம் இச்சிக்காவா தான்ஜூரோ, ஐந்தாம் ஒனோவே கிக்குகோரோ என்னும் இரு பெரும் கபுக்கி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர்கள் ஆடிய 'மொமிஜிகாரி' நாடகத்தை 1899இல் ஷிபாத்தா சுனேக்கிச்சி படம் பிடித்தபோது, திறந்தவெளியில் வீசிய காற்று தான்ஜூரோவின் கையிலிருந்த விசிறியைப் பறித்துக்கொண்டு போயிற்று. திரும்ப எடுக்கவில்லை, அதுவும் படத்தில் இருக்கிறது. இந்தப் புதுக் கருவியைப் பெரிதாக மதிக்காத தான்ஜூரோ, தாம் உயிரோடிருக்கும்வரை அதை ஊருக்குக் காட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டாராம். ஜப்பானியப் படங்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுதான் என்பார்கள்.

1917இல் தோக்கியோ காவல்துறை, பென்ஷிகள் உரிமம் பெற்றே பேச வேண்டும் என்று விதித்தது. 1927 வாக்கில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,800 பென்ஷிகள் இருந்தார்கள். அவர்களில் 180 பேர் அளவுக்குப் பெண்கள். ஆகவே உங்கள் கட்டியங்காரரை நிறுத்தத் தயங்க வேண்டாம். 1933இல் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அமைதியில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பேசாப்படப் பித்தன் எழுதியது:

வியாசை வாசகன் குறிப்பிடும் அந்த மறுப்புக்காரன் நான்தான். பழைய ரீல் எழுதிய தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். பென்ஷியை அரங்கிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று விரும்பியவர்களும் ஜப்பானியர்களே, அதிலும் சினிமாவை மிகவும் நேசித்தவர்களே.

கயேரியாமா நோரிமாசா என்னும் இளைஞர், படம் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும் என்று வாதாடினார். பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்க வேண்டும், அண்மைக்காட்சி வேண்டும், இடைத்தலைப்பு வேண்டும், பக்கத்தில் நின்று பேசுபவர் வேண்டாம் என்பவை அவர் வகுத்த வழி. 1918இல் 'வாழ்வின் ஒளி' என்ற பொருள்படும் படத்தை எடுத்துக் காட்டவும் செய்தார். நாவலாசிரியர் தனிசாக்கி ஜுனிச்சிரோ சினிமாவின் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றி 1917இல் கட்டுரை எழுதியதோடு நில்லாமல், 1920இல் யோக்கோஹாமாவில் தாய்கட்சு என்ற படக்கம்பெனிக்கு இலக்கிய ஆலோசகராகவே போய்ச் சேர்ந்தார். ஹாலிவுட்டில் பணியாற்றித் திரும்பிய தாமஸ் குரிஹாராவின் இயக்கத்தில் தனிசாக்கியின் திரைக்கதையில் 'அமெச்சூர் கிளப்' வந்தது. அதே ஆண்டில் இசுமி கியோக்காவின் ஒரு கதையையும் அவர் படத்துக்காக எழுதிக் கொடுத்தார். நாம் போடப்போகும் படத்தின் மூலக்கதையாசிரியரேதான். நம் ஊரில் அத்தகைய தகுதியுள்ள நாவலாசிரியர் ஒருவர் 1920இல் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றிருந்தால் என்ன பேச்சு கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. வாயுள்ளவன் கையில் படம் என்ன ஆகும் என்பதற்கு 1908இல் நடந்ததைச் சொல்வார்கள். பதினாறாம் லூயி மன்னனின் வீழ்ச்சியைக் காட்டும் பிரெஞ்சுப் படத்தைப் போட, அரசனை எதிர்த்துக் குடிமக்கள் எழும் காட்சியைக் கண்டு காவல்துறை தடை விதித்தது. உடனே அதே படம் வட அமெரிக்கக் கொள்ளையர் கதை என்ற புதுப் பெயரோடு திரைக்கு வந்தது. மன்னன் குகையில் வாழும் கொள்ளைத் தலைவன் ஆனான். கிளர்ந்தெழுந்த கூட்டம் காவலருக்குத் துணைநிற்கும் நல்ல குடிமக்கள் ஆயிற்று. ஒரு சட்டகத்தைக்கூட வெட்டவில்லை. பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான். சாமர்த்தியம் என்று சிரிக்கலாம். ஆனால் எடுத்தவன் சொல்லாததைக்கூடச் சொல்ல வைக்கும் அதிகாரம் பேசுபவனுக்கு இருக்கிறது என்பதே என் அச்சம். நம் கூத்துக்காரர் நல்லவர், எனக்கும் வேண்டியவர். ஆனால் மைக் கையில் கிடைத்தால் அவர் வார்டு கவுன்சிலரைக்கூடக் கதைக்குள் இழுத்துவருவார் என்பது வாசகனுக்குத் தெரியாதா?

தங்கசாலைக்காரர் எழுதியது:

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். எனக்கு எழுபத்தாறு வயது. ஜப்பான் விவகாரம் நான் அறியேன். ஆனால் நீங்கள் பேசுவது நம் ஊரிலும் நடந்ததுதான்.

என் தகப்பனார் 1918இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தரை டிக்கெட்டில் ஊமைப்படம் பார்த்த கதையை அடிக்கடி சொல்வார். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நீளக் குச்சியோடு நின்று, எழுத்து விழும்போதெல்லாம் அதைத் தமிழில் உரக்கச் சொல்வாராம். சண்டை வந்துவிட்டால் எழுத்தை விட்டுவிட்டு, 'விடாதே, பிடி, அப்படிப் போடு' என்று தரையில் இருப்பவர்களோடு சேர்ந்து அவரும் கூவுவாராம். படித்தவர்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து முகம் சுளித்தார்கள் என்றும் சொல்வார். 1931இல் 'காளிதாஸ்' பேசும்படம் வந்தபோது, படப்பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து, தேங்காய் உடைத்து, பூப்போட்டு கினிமா சென்ட்ரலில் இறக்கினார்கள் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொன்ன கதை. பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று நாங்கள் அறிந்த கொட்டகை அதுதான். அந்த ஊர்வலத்தை அப்பா கண்ணால் பார்த்தார். குச்சிக்காரர் அதற்குப் பிறகு எங்கே போனார் என்று நான் கேட்டதற்கு, 'அவரை யார் தேடினார்கள்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஜப்பானில் அந்த ஆறாயிரம் பேர் என்ன ஆனார்கள் என்பதை யாராவது எழுதுங்கள்.

பழைய ரீல் எழுதியது:

ஐயா கேட்ட கேள்விக்கும் பித்தனின் அச்சத்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன. அவர் பெயர் தொக்குகாவா முசெய், 1894இல் பிறந்தவர்.

முசெய் அகாசாக்காவில் இருந்த அவோய்கான் அரங்கில் பேர் வாங்கிய பென்ஷி. அடுக்குமொழியும் ஏற்ற இறக்கமும் கைதட்டல் வாங்கிய காலத்தில், அவர் குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறைத்து, காட்சிக்குத் தேவையானதை மட்டும் சொன்னார். படித்த இளைஞர்கள் அவருக்காகவே வந்தார்கள். 1926இல் கினுகாசா தெய்னோசுகே 'ஒரு பக்கப் பைத்தியம்' என்று நாம் பெயர்க்கத்தக்க படத்தை எடுத்தார். மனநல விடுதியில் அடைபட்ட மனைவிக்கு அருகிலேயே இருக்க வேண்டி, அங்கேயே வேலைக்குச் சேரும் முதியவன் ஒருவனின் கதை. பின்னாளில், 1968இல், நோபல் பரிசு பெற்ற கவாபாத்தா யசுனாரி கதையாக்கத்தில் பங்கு கொண்டவர். பித்தன் விரும்பும் தூய சினிமாவின் உச்சம் அது: இடைத்தலைப்பு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஷின்ஜுக்குவில் உள்ள முசாஷினோகான் அரங்கில் அது வெளியானபோது பக்கத்தில் நின்று பேசியவர் முசெய். பென்ஷி இருக்கிறார் என்ற துணிவும் எழுத்தே இல்லாமல் படம் எடுக்க வழிவிட்டிருக்கும் என்பது என் எண்ணம். பித்தன் இதற்கு ஒப்பமாட்டார். தொலைந்துபோயிற்று என்று எல்லாரும் எண்ணிய அந்தப் படத்தின் பிரதியைப் பல்லாண்டுகளுக்குப் பின், 1971இல், கினுகாசாவே தம் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து கண்டெடுத்தார். இந்தக் கினுகாசா முதலில் பெண் வேடம் கட்டும் நடிகர். நிக்கட்சு கம்பெனி நடிகைகளைச் சேர்க்கத் தொடங்கியபோது அதை எதிர்த்து வெளியேறிய ஸ்திரீபார்ட்டுகளில் அவரும் ஒருவர். வெளியேறியவர் பிறகு இயக்குநராகி, 1954இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசை வாங்கினார்.

இனி, ஐயாவின் கேள்வி. 1929இல் வெளிநாட்டுப் பேசும்படங்கள் தோக்கியோவுக்கு வந்தன. முதலில் அவற்றின் மீதும் பென்ஷிகள் பேசிப் பார்த்தார்கள். திரையிலிருந்து ஒரு குரலும் பக்கத்திலிருந்து ஒரு குரலும் மோதியதில் ஒன்றும் விளங்கவில்லை. 1931இல் 'மொரோக்கோ' என்ற அமெரிக்கப் படம் ஜப்பானிய எழுத்துகளைத் திரையிலேயே தாங்கி வந்ததும், வெளிநாட்டுப் படங்களுக்குப் பேசியவர்களின் பிழைப்பு முடிந்தது. அதே ஆண்டில் கோஷோ ஹெய்னோசுகே எடுத்த உள்நாட்டுப் பேசும்படமும் வெற்றி பெற்றது. பணிநீக்கம் தொடங்கியபோது பென்ஷிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சுதா தெய்மெய் என்ற பெயரில் பேசிவந்த குரோசாவா ஹெய்கோ, அதாவது பின்னாளில் இயக்குநரான அகிரா குரோசாவாவின் அண்ணன். எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று தம்பிக்கு வழிகாட்டியவர் அவர்தான். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு எரிந்து கிடந்த நகரத்துக்குள் தம்பியை அழைத்துப்போய், கண்ணைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னவரும் அவரே. போராட்டம் தோற்றது. 1933இல், இருபத்தேழாம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உங்கள் மாடியில் நீங்கள் போடப்போகும் படம் வெளியான அதே ஆண்டு.

முசெய் வேறு வழியில் பிழைத்தார். படங்களில் நடித்தார், வானொலியில் 'மியாமோத்தோ முசாஷி' நாவலை வாசித்து நாடறிந்த குரலானார், 1971 வரை வாழ்ந்தார். அவர் நடித்த ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்த குரோசாவாவை உற்றுப் பார்த்து, 'நீ அப்படியே உன் அண்ணன்தான்; அவர் நெகட்டிவ், நீ பாசிட்டிவ்' என்னும் பொருள்பட அவர் சொன்னதைக் குரோசாவாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கலை முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. மத்சுதா ஷுன்சுய் என்பவர் பழைய ஊமைப்படச் சுருள்களைத் தேடிச் சேர்த்துப் பேசிக்காட்டி வந்தார். அவரிடம் பயின்ற சவாத்தோ மிதோரி என்ற பெண்மணி 1970களில் பேசத் தொடங்கி, வெளிநாடுகளிலும் மேடையேறியிருக்கிறார்.

வாசகன் ஒன்று செய்யலாம். உங்கள் கலைஞருக்கு முதலில் படத்தைக் குரலின்றி இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள். எங்கே பேசக்கூடாது என்பதை அவரையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வியாசை வாசகன் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு ஒத்திகை பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பழைய ரீல் சொன்னபடி முதலில் குரலின்றிப் போட்டோம். கலைஞர் பீடியைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகியாக நடித்த இரியே தக்காக்கோ தம் சொந்தக் கம்பெனியில் எடுத்த படம் இது என்று சொன்னதும், 'ஜமா வைத்தவளா, அப்படியானால் கடன் இருக்கும்' என்றார். கதையிலும் அவளுக்குக் கடன் இருக்கிறது. நாங்கள் அதுவரை அவரிடம் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு மைக்கைக் கொடுத்தோம். முதல் பத்து நிமிடம் பித்தன் பயந்தது போலவே ஆயிற்று. குதிரைவண்டி ஓடும் காட்சியில் பேசின் பிரிட்ஜ், மூலக்கொத்தளம், மின்ட் என்று நிறுத்தங்களை அடுக்கினார். கவுன்சிலரும் ஒரு முறை வந்து போனார். மாடியில் இருந்த பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள், உண்மையைச் சொன்னால் நானும்தான். பித்தன் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவில் பாலத்தின் மீது அவளும் அவனும் மீண்டும் சந்திக்கும் இடம் வந்தது. அவள் அவனைப் படிக்கச் சொல்கிறாள், பணம் நான் தருகிறேன் என்கிறாள். கலைஞர் அவளுக்காக ஸ்திரீபார்ட் குரலில் ஒரு வரி தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை இடுப்போடு தாழ்த்திக்கொண்டார். காட்சி முடியும்வரை எடுக்கவே இல்லை. கீழே தெருவில் தண்ணீர் லாரி நின்று குடங்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்ட பிறகு, வரி மறந்துபோயிற்றா என்று கேட்டேன். 'அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நான் எப்படிப் பேசுவது' என்றார்.

பித்தன் இறங்கிப் போகும்போது, கவுன்சிலரை எடுத்துவிட்டால் தனக்கு மறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வண்டி நிறுத்தங்கள் இருக்கலாமாம். தங்கசாலை ஐயாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறோம். படி செங்குத்தாக இருக்கும் என்பதால் யாராவது ஒருவர் கீழே வந்து அழைத்துக்கொள்கிறோம்.